ஒரு சிப்பாய் மீதமிருந்த ஆட்டம்

ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் கேன்டீன். ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இருக்கும். சாப்பாட்டு மேசைகளைத் துடைத்துவிட்டு அவற்றின் மேல் செஸ் விரிப்புகளைப் போட்டிருந்தார்கள். எவ்வளவு துடைத்தும் மேசையிலிருந்து பருப்பு வாசனை போகவில்லை.

எனக்கு எதிரே இருந்தவர் ஷிண்டே. வேறோர் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். வலது கட்டைவிரல் நகம் எப்போதோ நசுங்கிக் கறுத்துப்போயிருந்தது. பலகையில் அவருக்கு ஒரு ராஜாவும் ஒரு சிப்பாயும் மிச்சம். எனக்கு ராஜா மட்டும்.

முறை அவருடையது. கடிகாரம் அவர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்தபடி இருந்தார்.

நான் கையை நீட்டினேன்.

ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று அதற்குப் பொருள். இரண்டு மேசை தள்ளி, தன் ஆட்டத்தை ஜெயித்து முடித்துவிட்டு நின்றிருந்த என் அணிக்காரர் தங்கவேல் அதைப் பார்த்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொடரில் இதை எழுதுவதைச் சில வாரங்களாகத் தள்ளிப்போட்டு வந்தேன். வேறு விஷயங்கள் தீர்ந்துவிட்டன.

காதுக்கு ஒருவர்

தங்கவேல் உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரர். அப்போது அவருக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு வயது. எங்கள் ஆலையின் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் தொழிலாளி. தகரத் தகட்டை அச்சுக்குள் வைத்து, கையை வெளியே எடுத்து, பொத்தானை அழுத்துவது அவர் வேலை. ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை என்று ஒருமுறை கேட்டேன். "எண்ணுனா பயமா இருக்குமுங்ணா" என்றார்.

நான் அதே ஆலையில் ஆவணப் பிரிவு. எந்த இயந்திரத்தை எப்படி இயக்குவது, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்று எழுதி, மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு இயந்திரத்தின் பக்கத்தில் மாட்ட வேண்டும். கோவையில் நான் உதவி ஆசிரியராக இருந்த நாளிதழ் மூடப்பட்டதையும், மனைவியின் வங்கி மாற்றலோடு மராத்தி பேசும் நிக்டிக்கு வந்து சேர்ந்ததையும் இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அந்த வயதில், அந்த ஊரில், தமிழ்ப் பத்திரிகைக்காரனுக்குக் கிடைத்த வேலை அதுதான்.

கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே நிக்டியில் புறப்படும். கசார்வாடியில் தங்கவேல் ஏறுவார். அங்கிருந்து போசரி, வாகோலி, ஷிக்ராபூர் என்று ஊர்ந்து ரஞ்சன்காவ் போய்ச் சேர இரண்டு மணி நேரம். சாயங்காலம் திரும்புவதற்கு அதைவிட அதிகம். பஸ்ஸில் தூங்கத் தெரிந்தவர்கள் தப்பித்தார்கள். எங்கள் இருவருக்கும் தூக்கம் வராது. தமிழ் பேசுகிறவர்களும் அந்த பஸ்ஸில் நாங்கள் இருவர்தான்.

அவர் மடியில் ஃபோன். ஒயர் வைத்த இயர்ஃபோன். ஒரு முனை அவர் காதில், மறுமுனை என் காதில். பஸ் குலுங்கும்போது யாராவது ஒருவர் காதிலிருந்து விழுந்துவிடும். எடுத்துச் சட்டையில் துடைத்துத் திரும்பச் செருகிக்கொள்வோம்.

நாங்கள் பார்த்தது செஸ் ஆட்டங்களின் வர்ணனை. உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் எங்கோ ஒரு நாட்டில் ஆடிக்கொண்டிருப்பார்கள். அதை இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு நகர்த்தலாகப் பேசுவார்கள். ஒருவர் கிராண்ட்மாஸ்டர், குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. இன்னொருவர் ஒரு பெண்மணி. நமக்குத் தோன்றும் கேள்வியை நமக்கு முன்பே கேட்டுவிடுவார்.

அந்த வீடியோக்களை முதலில் கண்டுபிடித்தவர் தங்கவேல். ஆனால் அவருக்கு ஆங்கிலம் பிடிபடாது. காய் எங்கே போனது என்று தெரியும். ஏன் போனது என்று அவர்கள் பேசிக்கொள்வது தெரியாது.

"ஏனுங்ணா, ரெண்டு பேரும் கெக்கேன்னு சிரிக்கறாங்க. என்னங் சொல்றாரு?" என்று ஒருநாள் என் பக்கம் ஃபோனைத் திருப்பினார்.

அன்றிலிருந்து நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். ஏஜென்சிச் செய்திகளை ஆங்கிலத்திலிருந்து சுருக்கித் தமிழில் போடுவதை இருபது வருடம் செய்தவன். அவர்கள் ஆறு வாக்கியம் பேசினால் நான் இரண்டில் சொல்லிவிடுவேன். மூன்றாவதற்கு நேரம் இருக்காது. அடுத்த நகர்த்தல் வந்திருக்கும்.

சும்மா நிற்கும் காய்

ஒருமுறை கிராண்ட்மாஸ்டர் சொன்னார்: என்ன ஆடுவது என்று தெரியாதபோது, உங்கள் காய்களில் எது வேலையில்லாமல் நிற்கிறது என்று பாருங்கள்; அதற்கு ஒரு வேலை கொடுங்கள்.

தங்கவேலிடம் சொன்னேன்.

"இதுக்கு எதுக்குங்ணா கிராண்ட்மாஸ்டரு? எங்க சூப்பர்வைசர் தெனமும் இதத்தான பண்றாரு. ஒருத்தன் ஒரு நிமிசம் செவுத்துல சாஞ்சாப் போதும், கையில தொடப்பத்தக் குடுத்துருவாரு."

சிரித்துவிட்டாலும் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் வீடியோவை நடுவில் நிறுத்தப் பழகினார். நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். வாகோலி நெரிசலில் வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது, சிமென்ட் லாரியின் சக்கரம்தான் இருக்கும். அதைப் பார்த்தபடியே, "குதிரைங்ணா. பின்னால வருது" என்பார். ஓட விட்டால் குதிரை பின்னால் வரும். அந்தப் பெண்மணி வியந்துபோய் ஏதோ சொல்வார். தங்கவேல் முழங்காலைத் தேய்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அவருடைய கணிப்பு பத்தில் ஏழு சரியாக இருந்தால் என்னுடையது மூன்று இருக்கும். எனக்கு வார்த்தை புரிந்தது; அவருக்கு ஆட்டம் புரிந்தது.

எனக்கு அந்த வர்ணனையில் பிடித்தது வேறு. "இந்த நகர்த்தல் எனக்குப் புரியவில்லை" என்று அந்தப் பெரிய மனிதர் அவ்வப்போது சொல்வார். வெட்கமில்லாமல், சாதாரணமாக. என் பத்திரிகை வாழ்க்கையில் எனக்கு மேலே இருந்த யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

அதைவிடப் பிடித்தது ஆட்டத்தின் முடிவு. பலகையில் காய்கள் நிற்கும். நம் கண்ணுக்கு எந்த ஆபத்தும் தெரியாது. திடீரென்று ஒருவர் கடிகாரத்தை நிறுத்திக் கையை நீட்டுவார். ஏன் என்று அந்தப் பெண்மணி கேட்பார். கிராண்ட்மாஸ்டர் அடுத்த ஐந்தாறு நகர்த்தல்களை வைத்துக் காட்டுவார். அப்போதுதான் தெரியும், தப்பிக்க வழியே இல்லை என்று. அந்த இடத்தில் மட்டும் அவர் குரல் சற்றே கனியும். எதிராளி தன் வெற்றியை நிரூபிக்கும்வரை காத்திராமல் எழுந்துகொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை என்பார்.

"இன்னும் காயெல்லாம் நிக்குதே. எதுக்குங்ணா எந்திரிச்சுட்டாரு?" என்று தங்கவேல் கேட்டார்.

"தோல்விதான்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எதிர்ல இருக்கறவருக்கும் தெரியுமுங்ளா?"

"தெரியும். ரெண்டு பேருக்கும் தெரியும்."

"அப்பச் சரி" என்று அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்.

மரியாதை பற்றிய பேச்சை நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. நேரமில்லை. ஆட்டத்துக்குத் தேவையான தகவலும் இல்லை. எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

அப்படி முடிந்த ஆட்டங்களில் ஒன்று இங்கே தேவைப்படுகிறது. ஒரு பக்கம் ராஜாவும் சிப்பாயும், மறுபக்கம் வெறும் ராஜா. சிப்பாய் கடைசிக் கட்டம் வரை போனால் ராணி ஆகிவிடும், ஆட்டம் முடிந்தது. கிராண்ட்மாஸ்டர் விளக்கினார்: அவசரப்பட்டுச் சிப்பாயைத் தள்ளினால் எதிர் ராஜா வந்து வழியை அடைத்துக்கொள்ளும், ஆட்டம் டிரா. ராஜா முதலில் முன்னே போய் வழி எடுத்துக் கொடுக்க வேண்டும், சிப்பாய் பின்னால் வர வேண்டும், அப்போது வெற்றி. இது இந்த மட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் அவர் எழுந்துவிட்டார்.

"ராஜாவே முன்னால நடக்கோணுமா" என்றார் தங்கவேல். அவருக்கு அது பிடித்திருந்தது.

வெட்டப்பட்ட நகர்த்தல்கள்

கோவை நாளிதழில் நான் விளையாட்டுப் பக்கம் பார்த்த காலத்தில், பெரிய செஸ் போட்டி ஏதாவது நடந்தால் ஏஜென்சி முழு ஆட்டத்தையும் நகர்த்தல் நகர்த்தலாக அனுப்பும். அதைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுவோம். எங்கள் மேசையில் யாருக்கும் செஸ் தெரியாது. எனக்கும் அப்போது காய்கள் எப்படி நகரும் என்பதோடு சரி.

விளம்பரம் தாமதமாக வந்தால் இடம் குறையும். இடம் குறைந்தால் எதை வெட்டுவது? கிரிக்கெட்டில் ஒரு வரி போனாலும் ஃபோன் வரும். செஸ்ஸில் கடைசி ஆறேழு நகர்த்தல்களை எடுத்துவிட்டு, "இதன்பின் கறுப்பு தோல்வியை ஒப்புக்கொண்டது" என்று ஒரு வரி போட்டால் பத்தி கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

பல்லடத்திலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை எழுதினார். பச்சை மசி, சாய்வான கையெழுத்து. நாங்கள் வெளியிட்ட ஆட்டத்தைப் பலகையில் வைத்து ஆடிப் பார்த்ததாகவும், ஜெயிக்கும் நிலையில் இருப்பவர் தோற்றதாகப் போட்டிருப்பதாகவும், தான் ஒரு வாரமாக யோசித்தும் காரணம் விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தார். மேசையில் எல்லோரும் வாங்கிப் படித்துச் சிரித்தோம். இரண்டாவது அட்டையும் வந்தது. மூன்றாவதும். பிறகு நின்றுவிட்டது.

திருத்தம் எதுவும் போடவில்லை.

கண்ணாடி அலமாரி

ரஞ்சன்காவ் ஆலைகளுக்கு இடையே ஒரு செஸ் போட்டி நடந்துவந்தது. அணிக்கு நான்கு பேர். எங்கள் ஆலையில் அதைக் கவனித்தவர் மனிதவளப் பிரிவின் கதம் சாகேப். வரவேற்பறையில் அவருக்கு ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் கிரிக்கெட் கோப்பை, கபடிக் கோப்பை, கயிறு இழுக்கும் போட்டிக் கேடயம். செஸ்ஸுக்கு ஒன்றும் இல்லை. காலி இடத்தைக் காட்டி வருவோர் போவோரிடமெல்லாம் குறைபட்டுக்கொள்வார்.

கான்ட்ராக்ட் தொழிலாளி அணியில் ஆடலாமா என்று யாரோ கேட்டார்கள். பிரஸ் ஷாப்பில் மதிய இடைவேளையில் தங்கவேல் இரண்டு இன்ஜினீயர்களை ஒரே நேரத்தில் தோற்கடித்ததைப் பார்த்த பிறகு கதம் அந்தக் கேள்வியை ஒதுக்கினார். தங்கவேலுக்கு ஒரு தற்காலிக அடையாள அட்டை தயாரானது. நான்காவது ஆள் கிடைக்காததால் நான்.

தங்கவேலுக்கு வேண்டியது கோப்பை இல்லை. அவர் மனைவி கோகிலாவும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் உடுமலையில் இருந்தார்கள். மூன்று வருடத்தில் அவருக்கு மூன்று கான்ட்ராக்டர்கள் மாறியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் புது அட்டை, புது நம்பர், புதிதாகச் சேர்ந்தவன் என்ற கணக்கு. கோகிலா தெளிவாகச் சொல்லிவிட்டாராம்: பர்மனென்ட் ஆனால் வருகிறேன், அதுவரை பிள்ளையின் பள்ளியை மாற்ற மாட்டேன், ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே என்று அலைக்கழிக்க முடியாது.

"அவ சொல்றதும் ஞாயந்தானுங்ணா. நாம்போயி எதுத்துப் பேச முடியுமா?" என்றார் தங்கவேல்.

கதம் சொன்ன வார்த்தை நான் பக்கத்தில் நிற்கும்போது சொன்னது. "கப் லேகே ஆவோ, தங்கவேல். துமாரா ஃபைல் மை குத் ஊபர் லேகே ஜாவூங்கா." கோப்பையைக் கொண்டு வா, உன் பர்மனென்ட் ஃபைலை நானே மேலே எடுத்துப் போகிறேன் என்று. விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை. பேனாவை எடுத்து மேசைக் காலண்டரில் தங்கவேலின் பெயரை எழுதிக்கொண்டார்.

அந்த வாரமே தங்கவேல் கசார்வாடியில் சமையலறை தனியாக இருக்கும் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். ஜன்னல் ரயில் பாதையைப் பார்த்திருக்கிறதாம். "பாப்பாவுக்கு ரயிலுன்னா உசுரு" என்றார். பள்ளிச் சேர்க்கைக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பஸ்ஸில், முழங்காலில் வைத்து.

பத்து விநாடி

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மூன்று சுற்று. ஆறு நாள் ஷிஃப்டுக்குப் பிறகு ஏழாம் நாளும் அதே பஸ்ஸில், அதே நேரத்துக்கு. தங்கவேல் மூன்று ஆட்டமும் ஜெயித்தார். கடைசிச் சுற்றில் எங்கள் அணியில் இன்னொருவரும் ஜெயித்தார், ஒருவர் தோற்றார். கேன்டீனின் கரும்பலகையில், அன்றைய உணவுப் பட்டியலுக்குக் கீழே, இரண்டு–ஒன்று என்று சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். மீதமிருந்தது என் ஆட்டம்.

நான் டிரா செய்தால் போதும். அரைப் புள்ளியில் கோப்பை எங்களுக்கு. தோற்றால் இரண்டு–இரண்டு, சமமானால் முந்தைய சுற்றுகளின் புள்ளியைப் பார்ப்பார்கள், அதில் ஷிண்டேயின் அணி முன்னால் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் அது பொய்.

கடைசி யானைகள் வெட்டுப்பட்டு, அவருக்கு ஒரு சிப்பாய் மிஞ்சியபோது எனக்குள் அந்தக் குரல் பேச ஆரம்பித்தது. ஏற்ற இறக்கம் இல்லாத குரல். ராஜா முன்னே வரும். நான் ஒதுங்க வேண்டும். சிப்பாய் பின்னால் வரும். மறுபடி ஒதுங்க வேண்டும். முடிந்தது. எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. இவ்வளவு தூரம் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கையை நீட்டினேன்.

ஷிண்டே கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. பிறகு பலகையை. மெதுவாகத் தன் கையை எடுத்து என் கையைப் பிடித்தார்.

"பராபரி?" என்று கேட்டார்.

சமமா, டிராவா என்று கேட்டார். நான் டிரா கேட்பதாக நினைத்துவிட்டார். அவர் முகத்தில் அதற்குச் சம்மதம் இருந்தது. பத்து விநாடி இருக்கும், என் கையை அவர் விடவில்லை. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"நஹீ. ஆப் ஜீத் கயே" என்றேன். இல்லை, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

பிழையான தகவல் கண்ணில் பட்டால் யோசிப்பதற்கு முன்பே கை திருத்திவிடும் பழக்கம் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரியாதை என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் ஓரளவுக்குத்தான் உண்மை. பின்கழுத்தில் வலி இருந்தது. கண்ணில் மணல் போட்டதுபோல் இருந்தது. அந்த நாற்காலியிலிருந்து எழ வேண்டும் என்று இருந்தது. முடிந்துவிட்டது என்று சொல்ல ஒரு கௌரவமான வழி கிடைத்தது, எடுத்துக்கொண்டேன்.

குழாயடியில்

கை கழுவும் குழாய்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் ஷிண்டே என்னைப் பிடித்துக்கொண்டார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, "சாகேப், ஏக் பாத் பதாவோ. சோடா க்யூன்?" என்றார். ஏன் விட்டுக்கொடுத்தீர்கள் என்று.

அவரை மேசைக்கு அழைத்துப் போய் மூன்று காய்களையும் திரும்ப வைத்தேன். இங்கே என்ன ஆடியிருப்பீர்கள் என்று கேட்டேன்.

கறுத்த நகத்தால் சிப்பாயைத் தள்ளினார். இரண்டு கட்டம். "சீதா தௌடாதா. ராணி பனாதா." நேரே ஓட்டி ராணி ஆக்கியிருப்பேன் என்றார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

என் ராஜாவைக் கொண்டுவந்து சிப்பாய்க்கு முன்னால் வைத்தேன். அவர் தள்ளினார். நான் நேர் பின்னால் நகர்ந்தேன். மறுபடி வந்தார். மறுபடி அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் சிப்பாய் நகர முடியாமல் நின்றது.

"அரே, யே தோ பராபரி ஹோ கயா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். ராஜாவை முதலில் முன்னே நடத்தி அவர் ஜெயித்திருக்கக்கூடிய வழியையும் வைத்துக் காட்டினேன். என் முதுகில் தட்டினார். நான் அவ்வளவு தூரம் முன்கூட்டியே பார்த்துவிட்டேனே, பெரிய ஆட்டக்காரன் என்று இந்தியிலும் மராத்தியிலுமாகப் பாராட்டினார். மனதாரப் பாராட்டினார். தன் அணிக்காரர்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார்.

தங்கவேல் அங்கே இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று வீட்டுக்கு ஃபோன் பேசிக்கொண்டிருந்தார்.

"மெசினே சொல்லுது"

திரும்பும்போது பஸ்ஸில் அவர்தான் முதலில் பேசினார். கடைசி நிலையைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, ஃபோனில் இருந்த செஸ் நிரலில் காய்களை வைத்தார். வெள்ளை ஜெயிக்கும் என்று அது உடனே காட்டியது.

"பாருங்ணா, மெசினே சொல்லுது. சாமியே வந்து கறுப்புக்கு உக்காந்தாலும் தோத்தது தோத்ததுதான். நீங்க மனசுல வெச்சுக்காதீங்" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாகோலி வரும் வரைக்கும் சொல்ல நேரம் இருந்தது. இயர்ஃபோனின் ஒரு முனையை நீட்டினார். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டேன். அன்று அவர்கள் என்ன பேசினார்கள் என்று நினைவில்லை. தப்பாகக்கூட மொழிபெயர்த்திருப்பேன்.

மறுநாள் கதம், "செகண்ட் பீ அச்சா ஹை" என்றார், இரண்டாம் இடமும் நல்லதுதான் என்று. நால்வருக்கும் ஆளுக்கொரு ஸ்டீல் ஃபிளாஸ்க் கிடைத்தது. அவர் கோபப்படவில்லை. மேசைக் காலண்டரில் மாதம் மாறியது. கோப்பு பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்க ஒரு காரணமும் இல்லை.

அடுத்த சில மாதங்களில் எங்கள் ஆலையின் கான்ட்ராக்டர் மாறினார். தங்கவேலின் பெயர் சாகண் பக்கம் வேறோர் ஆலைக்குப் போகும் பட்டியலில் வந்தது. கசார்வாடி வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்திருந்தார்கள்.

என் மனைவியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தாமல், "அவர்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்ற?"

கசார்வாடி

தங்கவேல் எங்கள் பஸ்ஸில் வந்த கடைசி நாள். சாயங்காலம். மழை விட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் சேறு. அவர் ஃபோனை எடுத்தார். இன்று வேண்டாம் என்றேன். பழைய செய்திக்காரனின் ஒழுங்கில் சொன்னேன்: ஷிண்டே கையைப் பிடித்துக்கொண்டு டிராவா என்று கேட்டார், நான் இல்லை என்றேன், பிறகு காய்களை வைத்துக் கேட்டபோது அவர் சிப்பாயைத்தான் தள்ளினார், ராஜாவை முன்னே நடத்தும் வழி அவருக்குத் தெரியவே தெரியாது.

கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. களைப்பாக இருந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் இயர்ஃபோன் ஒயரை விரலில் சுற்றினார், பிரித்தார், திரும்பச் சுற்றினார். போசரி தாண்டிய பிறகு கேட்டார்.

"டிராவான்னு அவராவே கேட்டாருங்ளா?"

"கேட்டார்."

"நீங்க இல்லைன்னுட்டீங்."

"ஆமாம்."

"ம்" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரலை உயர்த்தவே இல்லை.

"நான் ஊட்ல ஒண்ணு சொல்லி வெச்சிருக்கறனுங்ணா. அது யாரு ஆடியிருந்தாலும் தோத்திருக்கும், மெசின்லயே போட்டுப் பாத்துட்டோம், ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு. அவ மொதல்ல நம்பல. பொறவு சரின்னுட்டா. பாப்பாகிட்டயும் அப்டியே சொல்லி வெச்சிருக்கறா. பாப்பா அழுகறத நிறுத்திருச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை மெல்ல ஆட்டி அதை நிறுத்தினார். வேண்டாம் என்பதுபோல் இருந்தது. கேட்கவில்லை என்பதுபோலவும் இருந்தது.

"நீங்க பாரத்த எறக்கி வெச்சுட்டீங். நான் இனி அவகிட்ட என்னன்னுங் சொல்றது?"

பஸ் நின்றது. மேலே பலகையில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டார். படியில் நின்று, "வர்றனுங்ணா" என்று தினமும் சொல்வதுபோலவே சொல்லிவிட்டு, சேற்றைப் பார்த்துக் கால் வைத்து இறங்கினார்.

நான் நிக்டி வரைக்கும் போக வேண்டியிருந்தது.